தோட்டா உறை சிக்குதல் (பம்ப் துப்பாக்கி)

தோட்டா உறை சிக்குதல் என்பது, சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுறை துப்பாக்கிக் குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறையை விட்டு வெளிவராமல் இறுகி நின்றுவிடும் பழுதைக் குறிக்கும். ரவைத் தோட்டாக்களைச் சுடும் எல்லா வகைத் துப்பாக்கிகளிலும் இப்பழுது நேரக்கூடும் எனினும், முன்கைப்பிடியைக் கையால் பின்னிழுத்து இயக்கும் பம்ப் துப்பாக்கியிலேயே இது மிகுதியாகத் தொல்லை தருகின்றது. உறையைக் கொக்கியிட்டு இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் என்னும் உறுப்பே பழுதடைந்துவிட்டது என்று பலரும் முதலில் கருதுவர். பெரும்பாலும் குறை அங்கே இருப்பதில்லை. தோட்டா அறையின் சுவரும், தோட்டாவின் அடிப்பகுதி செய்யப்பட்ட உலோகமுமே முதன்மைக் காரணங்கள் ஆகும்.

இப்பழுதில் துப்பாக்கி கெட்டுப்போவதைவிடப் பெரிய இடர் ஒன்று உள்ளது. அறையில் சிக்கியிருப்பது வெற்றுறைதான் என்று வெளியிலிருந்து பார்த்து உறுதி செய்ய இயலாது. வெடிக்காத தோட்டாவை வெற்றுறை என எண்ணித் தட்டுவது உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

இயங்கும் முறை

12 போர் துப்பாக்கியின் குழல் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மி.மீ. ஆகும். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுவே இந்த அளவு. தோட்டா அறை இதைவிடச் சற்று அகன்றது. பின்வாயில் சுமார் 20.6 மி.மீ. விட்டமும் முன்முனையில் சுமார் 20.3 மி.மீ. விட்டமுமாக, மிகச் சிறிய அளவில் கூம்பி இருக்கும். அதற்கு முன்னால் அறை குழலோடு இணையும் சரிவான பகுதியை இக்கட்டுரையில் குறுகுவாய் என்று அழைப்போம்.

தோட்டாவின் உடல் பிளாஸ்டிக்கினாலோ அட்டைத் தாளினாலோ ஆனது. அடியில் உலோகக் கிண்ணம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதன் நடுவே கேப் உள்ளது. கேப்பை ஊசி தாக்கியதும் மருந்து எரிந்து வளிமமாகிறது. அமெரிக்கத் தரத்தின்படி 12 போர் தோட்டாவுக்கு (70 மி.மீ.) அனுமதிக்கப்படும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 780 மடங்கு. இவ்வழுத்தத்தில் உறை விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. இந்த ஒட்டுதல் தேவையான ஒன்றே; வளிமம் பின்னோக்கிக் கசியாமல் தடுப்பது அதுதான். ரவை குழலை விட்டு வெளியேறியதும் அழுத்தம் மறைகிறது. உறை மீள்திறனால் சற்றே சுருங்கி, சுவரிலிருந்து விடுபட வேண்டும். அது நிகழாவிட்டால் உறை சிக்குகிறது.

சுட்டபின் முன்கைப்பிடியை இழுத்தால், அதனோடு இணைந்த சட்டங்கள் போல்ட்டின் பூட்டை விடுவித்துப் பின்னே தள்ளும். போல்ட்டின் முகப்பிலுள்ள எக்ஸ்ட்ராக்டர் உறையின் விளிம்பைப் பற்றி இழுக்கும். பின்னால் வந்த உறையின் மறுபக்கத்தை எஜெக்டர் தடுக்க, உறை பக்கவாட்டில் துள்ளி வெளியே விழும்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மடக்கித் திறக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியில் குழலின் நீளமே நெம்புகோலாகச் செயல்பட்டு உறையைத் தொடக்கத்தில் சற்று நகர்த்திவிடும். போல்ட் ஆக்சன் ரைபிளில் கைப்பிடியைத் திருப்பும்போது ஒரு சாய்தளம் இதே வேலையைச் செய்கிறது. பம்ப் துப்பாக்கியில் இத்தகைய ஏற்பாடு கிடையாது. கையின் விசை எவ்வளவோ அவ்வளவே உறையின் மீது செல்லும். ஆகவே இரட்டைக்குழல் துப்பாக்கியில் யாரும் கவனிக்காமல் கழன்றுவிடும் அதே தோட்டா, பம்ப் துப்பாக்கியில் அசைய மறுக்கலாம்.

உறை இறுகுவதற்கான காரணங்கள்

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். அடிக்கிண்ணத்தின் சுற்றளவு சுமார் 65 மி.மீ., உயரம் 16 மி.மீ. எனக் கொண்டால் சுவரைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 1,040 சதுர மி.மீ. ஆகும். சுட்டபின் இப்பரப்பின் ஒவ்வொரு சதுர மி.மீ.யிலும் 1 நியூட்டன் அழுத்தம் எஞ்சி நிற்பதாக வைத்துக்கொள்வோம். உராய்வுக் கெழு 0.2 எனில், உறையை நகர்த்த ஏறத்தாழ 21 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். அறைச் சுவர் துருவேறி உராய்வுக் கெழு இரட்டிப்பானால் 42 கிலோ. எஞ்சிய அழுத்தம், உராய்வு ஆகிய இரண்டின் பெருக்கற்பலனே சிக்கலின் அளவு. பழுதைத் தேடும்போது இவ்விரண்டையும் தனித்தனியே எண்ணிப் பார்ப்பது பயன் தரும்.

எஞ்சிய அழுத்தத்தைத் தீர்மானிப்பது அடிக்கிண்ணத்தின் உலோகம். முன்பெல்லாம் இது பித்தளையால் ஆனது. விலை குறைந்த தோட்டாக்களில் பித்தளை நிற முலாம் பூசிய மென் எஃகுத் தகடு இடம்பெறுவதுண்டு. எஃகு பித்தளையைவிட வலிமையானது என்பதால் அதுவே மேலானது என்று தோன்றக்கூடும். ஆனால் இங்கு வேண்டியது வலிமை அன்று; மீள்தன்மை. பித்தளையின் யங் குணகம் சுமார் 110 கிகாபாசுகல். எஃகினுடையது சுமார் 200. ஓர் உலோகம் நிலையாக உருமாறும் முன் எவ்வளவு தூரம் விரிந்து மீளும் என்பது, அதன் இளகு தகைவை யங் குணகத்தால் வகுத்தால் கிடைக்கும். கடினப்படுத்திய பித்தளை ஏறத்தாழ 0.35 விழுக்காடு வரை விரிந்து திரும்பும். மென் எஃகோ 0.12 விழுக்காட்டை ஒட்டியே நின்றுவிடும். 20 மி.மீ. விட்டத்தில் இது முறையே 0.07 மி.மீ., 0.024 மி.மீ. ஆகும். முடியளவே உள்ள இந்த வேறுபாடுதான் ஒரு தோட்டா எளிதில் வருவதற்கும் மற்றொன்று முரண்டு பிடிப்பதற்கும் காரணம். தோட்டாவின் அடி எவ்வுலோகம் என்பதை ஒரு காந்தத்தை அருகில் கொண்டு சென்றே அறியலாம். கேப் பகுதியைத் தவிர்த்துப் பக்கச் சுவரில் வைத்துப் பார்க்க வேண்டும்.

உராய்வைத் தீர்மானிப்பது அறைச் சுவரின் வழவழப்பு. துளையிடும் கருவி விட்டுச்சென்ற வளையக் கீறல்கள் மெருகிடப்படாமல் இருந்தால், விரிந்த உலோகம் அக்கீறல்களில் பதிந்துகொள்ளும். துருப்பிடித்துக் குழிவிழுந்த அறையும் அவ்வாறே. நெடுநேரம் சுட்டுக் குழல் சூடேறும்போது பிளாஸ்டிக் உடல் இளகி, மெல்லிய படலமாகச் சுவரில் ஒட்டுவதும் உண்டு. பாலித்தீன் ஏறத்தாழ 110 முதல் 130 பாகை செல்சியசில் உருகும். இப்படலத்தின் மேல் கரி படிய, அதன்மேல் மீண்டும் பிளாஸ்டிக் படிய, அறையின் விட்டமே குறைந்துவிடுகிறது.

ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய எவர்சில்வர் தம்ளர்கள் சிக்கிக்கொண்டால் வெளித் தம்ளருக்கு வெந்நீரும் உள் தம்ளருக்குத் தண்ணீரும் ஊற்றிப் பிரிப்பது வீடுகளில் வழக்கம். அதே இயற்பியல் இங்கும் உண்டு. பித்தளை சூட்டில் எஃகைவிட மிகுதியாக விரியும்; ஆறும்போது மிகுதியாகச் சுருங்கும். எனவே பித்தளை அடியுள்ள உறை சில நிமிடங்கள் ஆறவிட்டால் தானே தளர்வதுண்டு. எஃகு அடிக்கு இச்சலுகை மிகக் குறைவு, ஏனெனில் குழலும் அதே உலோகம்.

அறையின் நீளத்துக்குப் பொருந்தாத தோட்டாவும் ஒரு காரணம். தோட்டாவின் மீது அச்சிடப்படும் நீளம், சுட்டு மடிப்பு விரிந்தபின் உள்ள நீளமாகும். 76 மி.மீ. தோட்டா, மடிப்போடு இருக்கையில் 70 மி.மீ. அறைக்குள் எளிதாக நுழைந்துவிடும். சுட்டவுடன் அதன் வாய் விரிந்து குறுகுவாயில் புகுந்து நெரிபடும். உறை சிக்குவதோடு அழுத்தமும் அளவு மீறும். 65 மி.மீ. அறை கொண்ட பழைய துப்பாக்கிகளில் 70 மி.மீ. தோட்டாவை இடுவதும் இத்தகையதே. குழலின் மீது பொறித்துள்ள அறை நீளத்தைப் படிக்காமல் தோட்டா வாங்குவது தவறு.

1918ஆம் ஆண்டு அகழிப் போர்

இப்பழுதின் வரலாற்றில் நன்கு அறியப்பட்ட நிகழ்வு முதல் உலகப் போரில் நேர்ந்தது. பம்ப் துப்பாக்கிக்கு அமெரிக்காவில் 1882இலேயே காப்புரிமை பெறப்பட்டிருந்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செசுட்டர் 1897 என்னும் துப்பாக்கியைக் குழல் குறுக்கி, ஈட்டிமுனை பொருத்தி, அமெரிக்கப் படையினர் மேற்கு முனையின் அகழிகளுக்கு எடுத்துச் சென்றனர். 1918 செப்டம்பரில் செருமனி இத்துப்பாக்கியின் பயன்பாட்டுக்கு எதிராக முறைப்படி எதிர்ப்புத் தெரிவிக்கும் அளவுக்கு அது அஞ்சப்பட்டது.

ஆயினும் அத்துப்பாக்கியைப் பகைவரைவிட மிகுதியாகத் தொல்லைப்படுத்தியது ஈரம். அக்காலத் தோட்டாக்கள் தாள் உடல் கொண்டவை. சேற்றிலும் மழையிலும் நனைந்த தாள் ஊதிப் பெருத்தது. மழைக்காலத்தில் மரக்கதவு நிலையோடு சிக்கிக்கொள்வது போன்றதே இது. ஊதிய தோட்டா அறைக்குள் நுழையவே மறுத்தது. வலிந்து நுழைத்தால் சுட்டபின் வெளிவர மறுத்தது. இதற்குத் தீர்வாக முழுவதும் பித்தளையால் ஆன தோட்டாக்கள் தருவிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரிலும் அமெரிக்கப் படையில் பித்தளைத் தோட்டா பயன்பட்டது. 1960இல் ரெமிங்டன் நிறுவனம் பிளாஸ்டிக் உடல் தோட்டாவை வெளியிட்ட பின்னரே ஈரத்தால் ஊதும் தொல்லை பெருமளவு நீங்கியது. ஒரு தொல்லை போய், மேலே கூறிய உருகிப் படியும் தொல்லை வந்தது எனலாம்.

இந்தியாவிலும் தமிழகத்திலும்

இந்தியாவில் பம்ப் துப்பாக்கி பொதுமக்களைவிடக் காவல் படைகளிடமே மிகுதி. 2010 முதல் காசுமீரில் கூட்டத்தைக் கலைக்க மத்திய ரிசர்வ் காவல் படை இதைப் பயன்படுத்தியதும், 2016இல் பலர் கண்பார்வை இழந்ததும் நாடு முழுவதும் விவாதிக்கப்பட்டன. 12 போர் தோட்டாக்களைப் புனே அருகிலுள்ள கட்கி வெடிபொருள் தொழிற்சாலை செய்து வருகிறது. 1869இல் தொடங்கப்பெற்ற இத்தொழிற்சாலை, 2021 அக்டோபர் 1 முதல் மியூனிசன்சு இந்தியா நிறுவனத்தின்கீழ் உள்ளது. தமிழகத்தில் திருச்சிராப்பள்ளியில் 1966இல் தொடங்கப்பெற்ற படைக்கலத் தொழிற்சாலை கைச்சுடுகலன்களைச் செய்கிறது.

பெரம்பலூர் மாவட்டம் 1995 வரை அதே திருச்சி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அங்கே பச்சைமலை அடிவாரத்தில், மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற அரும்பாவூர் போன்ற ஊர்களில், மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றிகளிடமிருந்து காப்பது பெரும்பாடு. இத்தகைய ஊர்களுக்கு 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் ஒரு தனி வழி வகுத்துள்ளது. அதன் 13ஆம் பிரிவின்படி பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கே உரிமம் தரப்படும். அது போதாது என்று உரிமம் வழங்கும் அலுவலர் கருதினால் மட்டுமே, 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். உரிமம் இருப்பதனாலேயே காட்டுப்பன்றியைச் சுட்டுவிட இயலாது. 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த நடைமுறையிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் புகும் பன்றிகளைச் சுடும் பொறுப்பு வனத்துறையினருக்கே தரப்பட்டது.

நாட்டுத் துப்பாக்கியில் உறை என்பதே இல்லாததால் இக்கட்டுரை கூறும் பழுதும் இல்லை. தலைமுறை தலைமுறையாக அதைக் கையாண்டவர் தோட்டாத் துப்பாக்கிக்கு மாறும்போது, அறையைத் தனியாகத் துடைக்க வேண்டும் என்பது அவருக்குப் புதிய செய்தியாகவே இருக்கும். குழலைத் துடைக்கும் துணி அறையின் அகன்ற சுவரைச் சரிவரத் தொடுவதில்லை. குழல் கண்ணாடிபோல் பளபளக்க, அறை மட்டும் துருவேறிக் கிடப்பது இதனாலேயே.

தோட்டாவின் வயதும் கருதத்தக்கது. ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது உரிமத்திலேயே குறிக்கப்பட்டிருப்பதால், வாங்கியதைச் செலவிடாமல் பல ஆண்டுகள் பத்திரப்படுத்துவோர் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் தோட்டா ஊதும். தோல் வார்ப்பட்டையில் செருகி வைத்த தோட்டாவின் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பேறிய தோட்டாவைச் சுரண்டித் தேய்த்துப் பயன்படுத்துவது சிக்கனம் அன்று. வாங்கிய உரிமம் பெற்ற கடையில் ஒப்படைத்துவிடுவதே முறை.

சிக்கலாகத் தோன்றும் பூட்டு

முன்கைப்பிடி அசையவில்லை என்றால் உடனே உறை சிக்கிவிட்டது என முடிவு செய்யலாகாது. பம்ப் துப்பாக்கியில் தோட்டா ஏற்றிப் போல்ட்டை மூடியதும், சுடும் வரை பூட்டு விடுபடாது. சுடாமல் திறக்க வேண்டுமெனில் விசைக் காப்பு வளையத்தின் அருகிலுள்ள விடுவிப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். புதிதாகப் பழகுவோர் இதை அறியாமல் முழு பலத்தோடு இழுப்பர். அப்போது அறைக்குள் இருப்பது வெடிக்காத தோட்டா என்பதை நினைவிற்கொள்க.

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் தாமத வெடிப்பு நேரலாம். குழலை ஆளில்லாத் திசையில் வைத்தபடி குறைந்தது 30 நொடி காத்திருந்த பின்னரே திறக்க முயல வேண்டும்.

குறையைக் கண்டறிதல்

வெளியே எடுக்கப்பட்ட உறையே சிறந்த சான்று. அதை எறிந்துவிடாமல் ஆராய வேண்டும். விளிம்பு ஓரிடத்தில் வளைந்தோ கிழிந்தோ இருந்தால், எக்ஸ்ட்ராக்டர் தன் வேலையைச் செய்தது, உறைதான் வர மறுத்தது என்று பொருள். விளிம்பு சிதையாமல் இருந்து, போல்ட் மட்டும் வெறுமனே பின்னே வந்திருந்தால், எக்ஸ்ட்ராக்டரின் நகம் தேய்ந்ததாகவோ அதன் சுருள்வில் தளர்ந்ததாகவோ அதன் பள்ளத்தில் அழுக்கு அடைந்ததாகவோ கொள்ளலாம். அடிக்கிண்ணத்தைச் சுற்றி வளைய வளையமாகக் கோடுகள் இருந்தால் அவை அறைச் சுவரின் கீறல்களின் அச்சு. பிளாஸ்டிக் உடலின் வாய்ப்பகுதி நெரிந்து கந்தலாகியிருந்தால் நீளம் பொருந்தவில்லை.

அடுத்து, துப்பாக்கி வெறுமையாக உள்ளது என உறுதி செய்து குழலைக் கழற்றி, மருந்தில்லாத பயிற்சித் தோட்டா ஒன்றை அறைக்குள் விட்டுப் பார்க்கலாம். அது தன் எடையாலேயே உள்ளே இறங்கி, குழலைக் கவிழ்த்தால் தானே விழ வேண்டும். பிறகு அதே துப்பாக்கியில் சுட்ட வெவ்வேறு வகை உறைகளை இட்டுப் பார்த்தால், எந்த வகை இறுகுகிறது என்பது விரல்நுனியிலேயே தெரிந்துவிடும். ஒரே வகை மட்டும் இறுகினால் தோட்டாவை மாற்றினாலே போதும். எல்லா வகையும் இறுகினால் குறை அறையில் உள்ளது. பலர் இந்தச் சோதனையைச் செய்யாமலே எக்ஸ்ட்ராக்டரை மாற்றி, மீண்டும் அதே பழுதைச் சந்திக்கின்றனர்.

சிக்கிய உறையை எடுத்தல்

முதலில் குழலைப் பாதுகாப்பான திசையில் நிறுத்தி, விரலை விசையிலிருந்து விலக்கி, குழாயில் எஞ்சியுள்ள தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட வேண்டும். சில நிமிடம் ஆறவிடுதல் அடுத்தது. போல்ட் பின்னே வந்துவிட்டதெனில், வெளிப்புறத் திறப்பு வழியாகக் கேப்பைப் பார்த்து, அதில் ஊசித் தடம் உள்ளதா எனக் காண வேண்டும். தடம் இருந்தாலும் தோட்டா வெடித்தது என்பதற்கு அது முழுச் சான்று ஆகாது. வெடிக்காத தோட்டாவிலும் தடம் இருக்கும்.

வெடித்தது உறுதி எனில், குழலின் வாய் வழியாக மரத்தாலான துடைப்புத் தடியை நுழைத்து மெல்லத் தள்ளினால் உறை பின்னே வந்துவிடும். இரும்புக் கம்பி குழலைக் கீறும். தடியின் நேரே முகத்தையோ உள்ளங்கையையோ வைத்தல் ஆகாது. வெடித்ததா என்பதில் ஐயம் இருப்பின் தடியைத் தொடாமல், உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டுவதே வழி.

அடிக்கட்டையைத் தரையில் ஓங்கி இடித்தபடியே முன்கைப்பிடியைக் கீழே இழுக்கும் முறை காவலர் பயிற்சியில் சில நாடுகளில் கற்றுத்தரப்படுகிறது. ஆபத்து வேளையில் வேறு வழியில்லாதோருக்கான உத்தி இது. மரக் கட்டையின் கழுத்து பிளந்துவிடும். குழல் மேல்நோக்கி, சுடுபவரின் முகத்துக்கு அருகில் இருக்கும். வீட்டிலோ வயலிலோ இதைச் செய்வதற்குக் காரணமே இல்லை.

ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். 20 போர் தோட்டா தவறுதலாக 12 போர் துப்பாக்கியில் இடப்பட்டால், அது அறையைத் தாண்டிக் குறுகுவாயில் போய் நிற்கும். அறை வெறுமையாகத் தெரிவதால் அடுத்து ஒரு 12 போர் தோட்டாவை ஏற்றிச் சுட்டால் குழலே வெடித்துச் சிதறும். 20 போர் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் செய்யப்படுவது இதைத் தவிர்க்கவே. உறை கழன்று வந்தபின் குழலுக்குள் வெளிச்சம் முழுமையாகத் தெரிகிறதா என்று பார்ப்பதை ஒருபோதும் விடக்கூடாது.

அறையைச் செப்பனிடுதல்

படிந்த பிளாஸ்டிக் எண்ணெயிலோ மண்ணெண்ணெயிலோ கரைவதில்லை. தேய்த்தே எடுக்க வேண்டும். 12 போர் குழலுக்கான வெண்கலத் தூரிகை அறைக்குச் சிறியது. 10 போர் அளவுத் தூரிகை அறையை நன்கு பற்றித் தேய்க்கும். அது கிட்டாவிடில் சிறிய தூரிகையின் மேல் மிக நுண்ணிய எஃகுக் கம்பளியைச் சுற்றி, சிறிது எண்ணெயிட்டு, கையால் திருகியபடி தேய்க்கலாம். பின் உலர்ந்த துணியால் முற்றிலும் துடைக்க வேண்டும்.

உறை வழுக்கி வரட்டும் என்று அறையில் எண்ணெய் தடவி வைத்துச் சுடுவது பலரிடம் காணப்படும் தவறு. உறை சுவரைப் பற்றாததால் வெடிப்பின் விசை முழுவதும் போல்ட்டின் மீது இறங்கும். எண்ணெய் கரியோடு சேர்ந்து வெந்து, மேலும் பிசினாகும். துருவைத் தடுக்கத் தையல் இயந்திர எண்ணெய் போன்ற மெல்லிய கனிம எண்ணெயை ஒரு படலமாகப் பூசி வைத்து, சுடும் முன் துடைத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், மார்கழிக் குளிரில் எக்ஸ்ட்ராக்டரின் சுருள்வில்லையே அது முடக்கக்கூடும்.

வளையக் கீறல்களும் துருக்குழிகளும் துடைப்பதால் மறைவதில்லை. அறையை மெருகிட வேண்டும். இது பட்டறைப் பணி. தேவைக்கு மேல் ஒரு நூலிழை அகன்றாலும் உறை கூடுதலாக விரிந்து, முன்பைவிட மோசமாகச் சிக்கும்; உறை பிளக்கவும் கூடும். படைக்கலச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் வேண்டும் என்கிறது. அத்தகையோரிடம் கொடுக்கும்போது, சிக்கிய உறைகளில் இரண்டு மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால், அறையில் எவ்விடத்தில் குறை உள்ளது என்பதை அவர் எளிதில் கண்டுகொள்வார்.